பிள்ளைகளிடம் வந்து சேர்தல்: கனடாவில் அன்றும் இன்றும்

1990களின் தொடக்கத்தில் கனடாவில் இருக்கும் மகனிடம் போக யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட ஒரு தாய்க்கு, விமானத்தில் ஏறுவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். போரால் ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்தது. கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடக்க வேண்டும். கடற்படையின் சூட்டில் அந்த நீரிலேயே மாண்டவர்கள் பலர். மறுகரை ஏறினால் வவுனியா, சோதனைச் சாவடிகள், பிறகு கொழும்பு. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ லொட்ஜில் அறை எடுத்து, பொலிஸில் பதிந்து, மருத்துவப் பரிசோதனை முடித்து, விசாவுக்காக மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள்.

ரொறன்ரோ வந்து இறங்கினால் வேறொரு தனிமை. படத்தில் மட்டும் பார்த்திருந்த பேரப்பிள்ளை, கிட்டப் போனதும் தாயின் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஸ்காபரோவில் வாடகைக்கு எடுத்த பேஸ்மென்ற். கூரையை ஒட்டினாற்போல் ஒரு சின்ன யன்னல். அதில் பனியும் போகிறவர்களின் சப்பாத்துகளும்தான் தெரியும். மகன் இரவு வேலை, மருமகள் பகல் வேலை. தொலைபேசி அடித்தால் யார் இங்கிலீசில் பேசுவார்களோ என்று எடுக்கப் பயம். யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. ஊரில் விட்டுவந்த மகளின் கடிதம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தத் தாயின் கையில் ‘லாண்டட்’ பேப்பர் இருந்தது. இறங்கிய நாளிலிருந்தே அவர் இந்த நாட்டில் நிரந்தரமாக வாழும் உரிமை பெற்றவர். ஸ்பொன்சர் பண்ணிய மகனுக்கு 10 ஆண்டுப் பராமரிப்புப் பொறுப்பு. தாய்க்கு மாகாண மருத்துவக் காப்புறுதி கிடைத்தது. மூன்று ஆண்டு வாழ்ந்தபின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 10 ஆண்டு வாழ்ந்தால் முதியோர் ஓய்வூதியத்தில் ஒரு பங்கு.

இன்று வரும் தாய்க்கு வழி சுலபம். 2014இல் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்துவிட்டது. இரவு பஸ் ஏறினால் விடியக் கொழும்பு. பேரன் பிறந்த நாளிலிருந்து வாட்ஸ்அப்பில் பார்த்த முகம் என்பதால், விமான நிலையத்திலேயே “அப்பம்மா” என்று ஓடிவந்து கட்டிக்கொள்கிறான். ஸ்காபரோவில் ஒடியல் மாவும் முருங்கைக்காயும் வாங்கலாம். தமிழ் பேசும் டொக்டர் இருக்கிறார், பல் வைத்தியர் இருக்கிறார், கோயில்கள் இருக்கின்றன. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்ராறியோ 2014இலும் கனடா நாடாளுமன்றம் 2016இலும் ஏற்றன. பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு, பிரெஸ்டோ பயண அட்டையைத் தட்டி பஸ் ஏறி முதியோர் சங்கத்துக்குப் போய்வருகிற அம்மாமாரைத் தினமும் காணலாம்.

மாறிப்போனது அவர்கள் கையில் உள்ள தாள். விண்ணப்பங்கள் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் தேங்கியதால், பெற்றோரை நிரந்தரமாக அழைக்கும் திட்டத்தை 2011 நவம்பரில் கனடா நிறுத்தியது. 2014இல் திறந்தபோது 5,000 விண்ணப்பம் என்று வரம்பு வைத்தது. கியூபெக் தவிர்ந்த இடங்களில் பிள்ளையின் பொறுப்புக்காலம் 20 ஆண்டாயிற்று. 2017இல் குலுக்கல் வந்தது. 2019இல் முந்தியவருக்கே இடம் என்றார்கள். இணையப் படிவம் பத்து நிமிடமளவில் மூடப்பட்டது. 2020இல் பெயர் கொடுத்தவர்களிலிருந்தே 2025 வரை அழைப்புகள் போயின. 2020க்குப் பிறகு ஸ்பொன்சர் பண்ணத் தகுதி பெற்ற பிள்ளைக்குப் பெயர் பதியவே வழி இருக்கவில்லை.

2011 டிசம்பரில் பெற்றோருக்கென வந்த சூப்பர் விசாதான் பலருக்கு மிஞ்சியது. இப்போது ஒருமுறை வந்தால் ஐந்து ஆண்டுவரை நிற்கலாம். நல்ல விசயம்தான். ஆனால் அதில் வருபவர் வருகையாளர். அரச மருத்துவ அட்டை இல்லை. குறைந்தது ஒரு இலட்சம் டொலருக்குத் தனியார் காப்புறுதி எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள சலரோகத்தையும் பிரஷரையும் அது முழுதாகத் தாங்குவதில்லை. அதனால்தான் ஊரிலிருந்து வரும் பெட்டியில் மிளகாய்த்தூள் பொதிக்குப் பக்கத்தில், சேலை மடிப்புக்குள், மாதக்கணக்கிற்கான பிரஷர்க் குளிசைகள் இருக்கின்றன. இந்த விசாவில் நின்ற ஆண்டுகள் ஓய்வூதியக் கணக்கிலும் சேர்வதில்லை.

அன்றைய தாயும் இன்றைய தாயும் செய்கிற வேலை ஒன்றுதான். பேரப்பிள்ளையைத் தூக்கி வளர்க்கிறார்கள், சமைக்கிறார்கள், வீட்டில் தமிழை உயிரோடு வைத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இருப்பதால்தான் மகனும் மருமகளும் வேலைக்குப் போய் வரி கட்டுகிறார்கள். அந்த உழைப்பை ஏற்கும் நாடு, அவர்கள் இங்கேயே வாழ்ந்து முடிக்கலாமா என்பதைக் குலுக்கலுக்கு விடுவது நியாயமில்லை. எல்லோரையும் ஒரே ஆண்டில் எடுக்க முடியாது என்பது சரி. அப்படியானால் பதிந்த வரிசைப்படி கூப்பிடட்டும். எழுபது வயதில் ஒருவருக்குத் தன் முறை எந்த ஆண்டு வரும் என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.