டீசல் எஞ்சினின் வேகமும் கவர்னரும்

வத்தலக்குண்டைச் சுற்றியுள்ள கிணற்றுத் தோட்டங்களில், கோடை முற்றி நீர்மட்டம் இறங்கியதும் பம்பிலிருந்து விழும் தண்ணீர் குறைவது இயல்பு. அச்சமயம் டீசல் எஞ்சின் வைத்திருப்போரிற் சிலர், கவர்னர் திருகை முடுக்கி எஞ்சினை அதிவேகமாய் ஓட்டுவதுண்டு. இதனால் விளைவது லாபமா நஷ்டமா என்று தெளிய, அவ்வுறுப்பு செய்யும் வேலையை முதலில் அறிதல் வேண்டும்.

சுழலும் குண்டுகளைக் கொண்டு வேகத்தை ஆளும் கருவியை ஜேம்ஸ் வாட் 1788-ஆம் ஆண்டில் நீராவி எஞ்சினுக்குப் பொருத்தினார். சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சினால் நீரிறைக்கும் முறையை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரெட் சாட்டர்டன் பரப்பினார். இன்றைய டீசல் எஞ்சின்களிலும் வாட்டின் தத்துவமே வழங்குகிறது. எஞ்சின் சுழலுங்கால் கவர்னரின் குண்டுகள் வெளிநோக்கி விரிகின்றன. ஸ்பிரிங்கு அவற்றை உள்நோக்கி இழுக்கிறது. வேகம் மிகுந்தால் குண்டுகள் வென்று, பம்புக்குழல் செலுத்தும் எண்ணெயைக் குறைக்கின்றன. வேகம் தணிந்தால் ஸ்பிரிங்கு வென்று எண்ணெயைக் கூட்டுகிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. ஆகையால் எண்ணெயின் அளவே அதன் கடிவாளம். பெல்ட் அறுந்து பாரம் திடீரென நீங்கினாலும் எஞ்சின் வெறியோட்டம் கொள்ளாமற் காப்பது இக்கருவியே.

மோட்டார் கார்களிலும் இதே காவல் வேறு உருவில் உண்டு. அங்குள்ள கணினி சுற்றுகளை எண்ணி, எல்லை கடந்ததும் எண்ணெயையோ தீப்பொறியையோ நொடிப்பொழுது நிறுத்துகிறது. ஆயினும் இக்காவலுக்கும் ஓர் எல்லையுண்டு. கொடைக்கானல் மலைச்சாலையில் வத்தலக்குண்டை நோக்கி இறங்கும் வண்டியை, வேகம் தணியாமலே மிகத் தாழ்ந்த கியருக்கு மாற்றினால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். எண்ணெய் முற்றும் நின்றாலும் வேகம் அடங்காது.

இனி, திருகை முடுக்குவதன் பலனைக் கணக்கிடுவோம். 1500 சுற்றுக்கென அமைந்த 5 குதிரைச் சக்தி எஞ்சினை 1800 சுற்றில் ஓட்டுவதாகக் கொள்வோம். வேகம் ஐந்திலொரு பங்கு கூடுகிறது. பம்பு கேட்கும் சக்தியோ வேகத்தின் கனத்தை ஒட்டி ஏறுவதால், 5 என்பது ஏறக்குறைய 8½ ஆகிறது. எஞ்சின் அதைத் தரவியலாது கரும்புகை கக்கிச் சூடேறும். பறக்கும் சக்கரத்தைச் சிதறடிக்க முயலும் விசையும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். கவர்னர் திருகைத் தொழிற்சாலையில் முத்திரையிட்டு அனுப்புவது இக்காரணம் பற்றியே.

அன்றியும், நீர் குறைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் எஞ்சினில் இல்லை. காற்றின் அழுத்தமே நீரை உறிஞ்சுகுழாயில் ஏற்றுகிறது. ஆகையால் நடைமுறையில் பம்பு 6 அல்லது 7 மீட்டருக்குக் கீழுள்ள நீரை நன்கு எடுக்காது. நீர்மட்டம் அதற்குக் கீழ் இறங்கியபின், எஞ்சின் எவ்வளவு விரைந்தாலும் பயனில்லை.

எனவே விவசாயிகள் முதலிற் கவனிக்கத்தக்கவை வருமாறு:

1. புட்வால்வில் குப்பை அடைத்திருக்கிறதா, உறிஞ்சுகுழாயின் இணைப்புகளிற் காற்று நுழைகிறதா என்று பார்த்தல்.

2. பெல்ட் வழுக்குகிறதா என்று சோதித்தல்.

3. நீர்மட்டத்திலிருந்து பம்பு நிற்கும் உயரத்தை அளந்து, மிகுந்திருப்பின் பம்பை மட்டும் தாழ்வான மேடைக்கு மாற்றுதல்.

எஞ்சினையே கிணற்றினுள் இறக்குதல் ஆகாது. அதன் புகையிலுள்ள நச்சுவாயு கிணற்றிலே தேங்கி, இறங்கியவரின் உயிரைக் கொள்ளும்.

இவற்றைச் சரிசெய்தபின்னும் நீர் போதாதாயின், கிணற்றின் ஊற்றே குறைந்ததென அறிந்து, பாய்ச்சும் நிலத்தைச் சுருக்குவதே விவேகமாகும். கவர்னர் திருகைத் தொடாதிருப்பது எஞ்சினுக்கும் அதனருகில் நிற்பவருக்கும் நலம்.