தள்ளுபடிப் பணம் எங்கிருந்து வருகிறது?

ஆரணிப் பட்டுச் சேலையைச் சங்கத்தில் விற்கும்போது தள்ளுபடியை நாமே முதலில் கொடுத்துவிடுகிறோம். சர்க்கார் பின்னர் அதனை ஈடு செய்கிறது. அத்தொகை தாமதித்தால் பாவுக்கும் ஊடைக்கும் பட்டு வாங்கும் முதல் முடங்கும்; நெசவுக் கூலியும் தள்ளிப்போகும். ஆகவே, மாநில வரவு செலவுத் திட்டம் கோட்டையில் உள்ளோர் விவகாரம் மட்டுமன்று.

1953-இல் இவ்வுதவிக்குத் தனி ஊற்று ஒன்று பிறந்தது. மத்திய சர்க்கார் மில் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று தம்பிடி தீர்வை விதித்து, அதனைக் கதர், கைத்தறி வளர்ச்சிக்கு ஒதுக்கியது. இன்றோ மாநிலப் பங்கு பொதுக் கஜானாவிலிருந்தே வரவேண்டும். அதன் நிலையை 2021 ஆகஸ்டில் வெளியான தமிழக வெள்ளை அறிக்கை காட்டிற்று: 2020-21-இல் வருவாய்ப் பற்றாக்குறை சுமார் 61,320 கோடி ரூபாய். அதாவது சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் ஆகிய அன்றாடச் செலவுகளுக்கே கடன். தறி வாங்கக் கடன்படுவது வேறு; அரிசி வாங்கக் கடன்படுவது வேறு அல்லவா?

வரியை உயர்த்தலாமே எனலாம். மதுவிலக்கினால் குறைந்த வருமானத்தை ஈடுகட்ட ராஜாஜி 1939-இல் விற்பனை வரியைக் கொணர்ந்தார். 2017 ஜூலை முதல் பெரும்பாலான சரக்குகளின் வரி விகிதத்தை ஜி.எஸ்.டி. மன்றமே பரிந்துரைக்கிறது. மாநிலத்தின் கையில் எஞ்சியவற்றுள் பெட்ரோலும் மதுவும் முக்கியமானவை. விசித்திரந்தான்!

துணி வரியை 5 சதவீதத்திலிருந்து 12 ஆக்கும் முடிவை, மாநிலங்கள் பல எதிர்த்தமையால், மன்றம் 2021 டிசம்பர் 31-இல் ஒத்திவைத்தது. நமக்கு நிம்மதியே. எனினும் குறைந்த வரியையும் நிறைந்த தள்ளுபடியையும் ஒரே மனுவில் கேட்பதில் நமக்குச் சற்றுக் கூச்சமுண்டு. விகிதத்தை உயர்த்துவது பிறகாகட்டும். ஒப்புக்கொண்ட தொகை உரிய காலத்தில் வரட்டும் என்பதையே நாம் முதலில் கேட்கிறோம்.