கண்ணாற் கற்கும் கல்வி

கல்வி பல வழியால் வரும். நூலைப் பயின்று பெறுவது ஒன்று; ஆசிரியர் வாய்ச்சொற் கேட்டுப் பெறுவது ஒன்று; கண்ணைப் பழக்கிப் பெறுவது பிறிதொன்று. இம்மூன்றனுள் இறுதியிற் கூறியதே அரிதென்பது எமது எண்ணம். யாம் தமிழ் கற்பிப்பவரேயன்றி மருத்துவம் கற்றிலேம். எனினும், இக்கல்லூரியிற் பயின்று இன்று மருத்துவராய் விளங்கும் பழைய மாணவர் சிலரோடு அளவளாவியபொழுது, தோல்நோய் நிபுணர் ஒருவர் எவ்வாறு உருவாக்கப்படுகின்றார் என்பதை அறிய நேர்ந்தது. கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் அது பயன்படுமாதலின் ஈண்டு எழுதுகின்றோம்.

தோலைக் கண்டு பயிலும் முறை ஐரோப்பாவிலே வளர்ந்தது. வியன்னா நகரப் பொது வைத்தியசாலையிலே தோல்நோயாளர்க்குரிய விடுதி ஒருகாலத்தில் மருத்துவரால் மதிக்கப்படாத இடமாயிருந்தது. 1840களில் பேர்டினண்ட் ஹெப்றா என்னும் இளம் மருத்துவர் அங்கே பணிபுரியத் தொடங்கி, நோயாளர் முன்னிலையிலேயே மாணவர்க்குக் கற்பித்து, அவ்விடுதியை உலகறிந்த பள்ளியாக்கினார். பரிஸ் நகரத்துச் சென் லூயி வைத்தியசாலையினரோ நோயின் தோற்றத்தை மெழுகில் வார்த்து வைத்தனர். காகிதக் கூழினாற் பழவுருக்கள் செய்துவந்த ஜூல் பறேற்றா என்னும் கைவினைஞரை அழைத்து, நோயுற்ற முகம், கை, கால்களை அச்செடுத்து இயற்கை நிறந் தீட்டுவித்தனர். 1867ஆம் ஆண்டு தொடங்கிய அத்தொகுதி ஏறக்குறைய 4,800 உருவங்களாய்ப் பெருகி இன்றும் ஆங்குளது.

இக்காலத்துப் பயிற்சிக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளை எடுத்துக்கொள்வோம். மருத்துவப் பட்டம் பெற்றவர் அங்கே முதலில் ஓராண்டு பொதுப் பயிற்சியும், பின்னர் மூன்றாண்டு தோல்நோய்ப் பயிற்சியும் பெறல் வேண்டும். வைத்தியசாலையிற் கடமையாற்றிக்கொண்டே கற்றலின் இவரைப் பயிலுமருத்துவர் எனலாம். நோயாளரை முதலிற் பார்ப்பவர் இவரே. பார்த்ததை ஆசிரியருக்கு உரைப்பார். பின்னர் இருவரும் சேர்ந்து மீண்டும் பார்ப்பர். முதன்முறை தாம் காணத் தவறியது யாதென்பதை மாணவர் அவ்விரண்டாம் பார்வையிலே உணர்வர். கல்வி நிகழுமிடம் அதுவே.

நோயின் பெயரைக் கூறுமுன் கண்டதை விபரித்தல் வேண்டும் என்பது இக்கல்வியின் முதல் விதி. தோன்றியது தட்டையா, மேடா? நீர் கொண்டதா, சீழ் கொண்டதா? செதிள் உண்டா? விளிம்பு தெளிந்ததா, மங்கியதா? உடலில் எவ்விடத்தது? முழங்கையிலும் முழங்காலிலும் தெளிந்த விளிம்போடும் வெள்ளிபோன்ற செதிளோடும் தடித்திருப்பின் மனம் சொறியாசிஸ் நோயை நாடும். கைகால் மடிப்பின் உட்புறத்தே மங்கிய விளிம்போடு அரிப்பு மிக்கிருப்பின் கரப்பானை நாடும். பெயரை முந்திச் சொன்னவன், அதற்கு மாறான குறியைப் பின்னர்க் காணான். இதனாலேயே திரையிற் படங்காட்டி ஒவ்வொருவராய் விபரிக்கச் செய்யும் வகுப்பு நடைபெறும். கொடக்குறோம் என்னும் படச்சுருளின் உற்பத்தி 2009இல் நின்றுவிட்டபோதிலும், அவ்வகுப்பைப் பலர் இன்னும் அப்பெயராலேயே வழங்குகின்றனர்.

புறக்கண்ணாற் கண்டதை நுணுக்குக்காட்டியாலும் காணல் வேண்டும். சில மில்லிமீற்றர் அளவான தோற்றுண்டை வெட்டியெடுத்து, மெல்லிதாய்ச் சீவிச் சாயமூட்டினால், கலங்களின் கருக்கள் நீலமாகவும் ஏனைய பகுதி இளஞ்சிவப்பாகவும் தோன்றும். மேலே கண்ட மேட்டுக்குக் கீழே நிகழ்வது யாதென்பது அப்பொழுது விளங்கும். கத்தி பிடிக்கவும் பழகுவர். 1930களில் விஸ்கொன்சினிலே பிறெடெறிக் மோஸ் என்பவர் வகுத்த முறையில், புற்றைப் படைபடையாய் நீக்கி, ஒவ்வொரு படையையும் உடனே நுணுக்குக்காட்டியிற் பார்த்து, எஞ்சிய இடத்தை மாத்திரம் மீண்டும் வெட்டுவர். நல்ல தோல் வீணாவதில்லை.

இத்துணைச் சிறந்த கல்வியிலும் ஒரு குறை நெடுங்காலம் இருந்தது; அது நம்மனோரையும் தொடுவதாகும். படநூல்களிற் பெரும்பாலன வெண்தோலையே காட்டின. வெண்தோலிற் சிவப்பாய்த் தோன்றும் அழற்சி, கருந்தோலில் ஊதாவாகவோ கபிலமாகவோ சாம்பல் நிறமாகவோ தோன்றும். சிவப்பை மாத்திரம் தேடப் பழகிய கண் அதனைக் காணாது. மெலனோமா என்னும் நிறப்புற்று கருந்தோலினர்க்கு அரிது; வருமிடத்து உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் கீழ் ஆகிய இடங்களில் வருதல் மிகுதி. யமேக்காப் பாடகர் பொப் மார்லியின் காற்பெருவிரல் நகத்தின் கீழ் 1977இல் அறியப்பட்டது இப்புற்றே. முதலில் அது பந்தாட்டக் காயமெனக் கருதப்பட்டது. 1981இல், தமது 36ஆம் வயதில், அவர் மறைந்தார். பன்னிறத் தோலுக்கென நியூயோர்க்கிலே 1999இல் டாக்டர் சூசன் டெய்லர் ஒரு நிலையம் நிறுவினார். அதன்பின் எல்லா நிறத் தோலையும் கற்பித்தல் வேண்டும் என்னும் கருத்து பயிற்சியில் வலுப்பெற்று வருகின்றது.

மருத்துவம், அறுவை, குழந்தை நோய், நுணுக்குக்காட்டி ஆய்வு என்னும் நான்கிலும் பரீட்சை உண்டு. அவற்றைக் கடந்தபின், கற்றதை நோயாளரிடத்து எவ்வாறு பிரயோகிப்பர் என்பதைச் சோதிக்கும் இறுதிப் பரீட்சையும் உண்டு. 1932இல் நிறுவப்பெற்ற தோல்நோய்ச் சபை இவற்றை நடத்துகின்றது.

எம்போன்ற ஆசிரியர்க்கு இதிலிருந்து பெறும் பாடம் ஒன்றுண்டு. காட்டாததை மாணவன் காணான். ஒருவகையையே காட்டினால் அவ்வகையையே காண்பான். மாணவர்காள்! உங்களுட் சிலர் நாளை மருத்துவராவீர். அப்பொழுது பெயரைச் சொல்ல விரையாது, முதலிற் கண்டதைச் சொல்லப் பழகுவீராக. ஏனையோர், உள்ளங்காலிலோ நகத்தின் கீழோ புதிதாய்த் தோன்றி வளரும் கரும்புள்ளியைக் காணின், காயமென்று வாளாவிராது உரிய மருத்துவரிடம் காட்டுவீராக.