தூபவர்க்கத்தின் வேதியியலும் நம் திருமறை விளக்கமும்

சாஸ்திரிகள் இயேசு பாலகனுக்குப் படைத்த காணிக்கைகளுள் தூபவர்க்கத்தைப் பற்றி அண்மைக் காலத்தில் ஒரு புது விளக்கம் பரவி வருகிறது. அது ஒரு கிருமிநாசினி என்றும், பாலகனை நோயினின்று காக்கவே அது கொடுக்கப்பட்டது என்றும், ஆலயத்தில் தூபங்காட்டியதும் பலியிடத்தின் சுகாதாரத்திற்காகவே என்றும் கூறுவர். இதனையே சான்றாகக் காட்டிச் சிறு குப்பிகளில் எண்ணெய் விற்போரும் உளர். இவ்விளக்கம் எம்மட்டும் பொருந்தும் என்பதை அறிய, அப்பொருளின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

1. சொல்லும் பொருளும்

எபிரேயத்தில் 'லெபோனா' என்பதும் கிரேக்கத்தில் 'லிபனோஸ்' என்பதும் ஒரே பொருளைக் குறிப்பன. எபிரேயச் சொல் வெண்மை என்னும் வேரினின்று வந்தது. நம் பழைய மொழிபெயர்ப்பு இதனை லேவியராகமம் 2ஆம் அதிகாரத்திலும் மத்தேயு 2:11இலும் தூபவர்க்கம் என்றும், யாத்திராகமம் 30:34இல் சாம்பிராணி என்றும் பெயர்க்கிறது. ஆயினும், நம் கடைகளில் சாம்பிராணி என விற்கப்படுவது பெரும்பாலும் சுமத்திரா முதலிய இடங்களில் வளரும் ஸ்டைராக்ஸ் மரத்தின் பிசினாகும். திருமறை கூறுவதோ பாஸ்வெல்லியா என்னும் வேறு இன மரங்களின் பிசின். ஓமானின் தோபார் பகுதி, ஏமன், சோமாலியா ஆகிய இடங்களில் பாஸ்வெல்லியா சாக்ராவும், எத்தியோப்பியா, சூடான் நாடுகளில் பாஸ்வெல்லியா பாப்பிரிஃபெராவும், இந்தியாவில் பாஸ்வெல்லியா செராட்டாவும் வளர்கின்றன. எரேமியா 6:20 சேபாவைக் குறிப்பிடுவது தென் அரேபிய வணிகத்தையே சுட்டுகிறது.

2. பிசினின் கூறுகள்

மரப்பட்டையைக் கீறினால் பால்போல் வடிந்து, காற்றுப்பட்டு இறுகுவதே இப்பிசின். நீரில் கரையும் கோந்து, சாராயத்தில் கரையும் கெட்டிப் பிசின், ஆவியாகும் எண்ணெய் என இதில் மூன்று கூறுகள் உள்ளன. எண்ணெய் பொதுவாக நூற்றில் பத்துப் பங்குக்கும் குறைவே. நீராவியைச் செலுத்தி வடித்து அதனைப் பிரித்தெடுப்பர்.

இவ்வெண்ணெய் ஒரே தன்மையதன்று. சாக்ரா மரத்தின் எண்ணெயில் ஆல்பா-பைனீன் மிகுதி. இதன் மூலக்கூற்றில் 10 கரி அணுக்களும் 16 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. செராட்டாவில் ஆல்பா-தூஜீனும், பாப்பிரிஃபெராவில் ஆக்டைல் அசிட்டேட்டும் மேலோங்கி நிற்கின்றன. எனவே 'தூபவர்க்க எண்ணெய்' என்று பொதுவாகக் கூறி ஒரு குணத்தை ஏற்றுவது முறையாகாது. பழங்கால ஆலயங்களை நினைவூட்டும் அந்தத் தனி மணத்திற்குக் காரணமான ஒலிபானிக் அமிலங்கள், எண்ணெயில் மிகமிகச் சிறிய அளவிலேயே இருப்பதால், 2016இல்தான் கண்டறியப்பட்டன.

இங்கு முக்கியமாய்க் கவனிக்கவேண்டியது பாஸ்வெலிக் அமிலங்களைப் பற்றியதாகும். 30 கரி அணுக்கள் கொண்ட இவை கனமானவை, எளிதில் ஆவியாகா. ஆகையால் வடிக்கும்பொழுது எண்ணெயோடு செல்லாமல் பாண்டத்திலேயே தங்கிவிடுகின்றன. ஜம்மு ஆய்வுக்கூடத்தார் 1986இல் வெளியிட்டதும், அதன்பின் பலர் தொடர்ந்ததுமான வீக்கத்தைத் தணிக்கும் ஆய்வுகள் பிசினின் சாற்றைப் பற்றியவை. அவற்றைக் காட்டி எண்ணெயை விற்பது, ஒன்றின் சாட்சியை மற்றொன்றிற்குச் சூட்டுவதாகும்.

3. நுண்ணுயிர்கள்மேல் அதன் செயல்

இவ்வெண்ணெய்க்கு நுண்ணுயிர்களை எதிர்க்கும் ஆற்றல் உண்டு என்பது மெய்யே. டெர்ப்பீன்கள் கொழுப்பில் கரையும் இயல்புடையன. அவை பாக்டீரியாவின் செல் சவ்வில் புகுந்து அதன் கட்டமைப்பைத் தளர்த்த, உள்ளிருப்பவை கசிந்து வெளியேறுகின்றன. 2008இல் இத்தாலிய ஆய்வாளர், பாப்பிரிஃபெரா எண்ணெய் ஸ்டாஃபிலோகாக்கஸ் உருவாக்கும் படலத்தையும், ரிவே என்னும் மற்றொரு வகையின் எண்ணெய் காண்டிடா என்னும் பூஞ்சையின் படலத்தையும் எதிர்ப்பதைக் காட்டினர். பாஸ்வெலிக் அமில வகைகளுள் ஒன்று மிகச் சிறிய அளவிலேயே ஸ்டாஃபிலோகாக்கஸ் முதலிய கிராம்-நேர் பாக்டீரியாவைத் தடுப்பதாக 2011இல் இந்திய ஆய்வாளர் கண்டனர். ஆயினும் கிராம்-எதிர் பாக்டீரியாவிடம் அது பலிக்கவில்லை. அவற்றிற்குள்ள வெளிச்சவ்வு இத்தகைய பொருள்களுக்கு அரணாய் நிற்பதே.

ஆனால் இவை யாவும் ஆய்வுக்கூடத் தட்டுகளில், எண்ணெயோ அமிலமோ நுண்ணுயிரை நேரே தொடும்படி வைத்துக் கண்டவை. மனித உடலினுள் நோயைக் குணமாக்கும் என்பதற்கு அவை சான்றாகா. மேலும், ஆலயத்தில் எண்ணெய் பூசப்படவில்லை, பிசின் எரிக்கப்பட்டது. தணலிட்ட பிசின் சிதைந்து வேறு பொருள்களாகிறது. அப்புகையில் நுரையீரலுக்குத் தீங்கான நுண்துகள்களும் உண்டு.

4. ஆராத் பலிபீடம்

யூதாவின் ஆராத் கோட்டையில் 1960களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வழிபாட்டிடத்தில் இரு சுண்ணாம்புக்கல் பலிபீடங்கள் இருந்தன. 2020இல் வெளியான ஆய்வு, பெரிய பீடத்தின்மேல் படிந்திருந்த கரியில் பாஸ்வெலிக் அமிலங்களைக் கண்டு, அங்குத் தூபவர்க்கம் எரிக்கப்பட்டதை உறுதிசெய்தது. அதனோடு விலங்குக் கொழுப்பும் கலந்திருந்தது. சிறிய பீடத்திலோ கஞ்சாவின் எச்சங்கள் காணப்பட்டன. வேதியியல் இங்கு நமக்கு நற்றுணை. எது எரிக்கப்பட்டது என்பதை அது கூறும். ஏன் எரிக்கப்பட்டது என்பதைத் திருமறையினிடமே கேட்டல் வேண்டும்.

5. திருமறையின் விடை

பலியிடத்தின் நாற்றத்தை அகற்றவே தூபம் ஏற்பட்டது என 12ஆம் நூற்றாண்டிலேயே யூத அறிஞர் மைமோனிடெஸ் எழுதினார். அத்தகைய பயன் இருந்திருக்கலாம். அதுவே நோக்கம் என்பதற்குத் திருமறை இடங்கொடுக்கவில்லை. யாத்திராகமம் 30:37-38 அக்கலவையை மக்கள் தமக்கென்று செய்துகொள்வதைத் தடுக்கிறது. சுகாதாரமே நோக்கமாயின் இத்தடை பொருளற்றதாகும். லேவியராகமம் 16:13இல் தூபமேகம் கிருபாசனத்தை மூடுகிறது. வெளிப்படுத்தல் 8:3-4இல் தூபம் பரிசுத்தவான்களின் ஜெபத்தோடு எழும்புகிறது.

எல்லாவற்றிலும் மேலாக, லேவியராகமம் 5:11ஐ நோக்குக. புறாக்களைக் கொண்டுவரவும் வகையற்ற ஏழை, மாவைப் பாவநிவாரண பலியாகக் கொண்டுவரலாம். அதன்மேல் தூபவர்க்கம் போடலாகாது. அப்படியிருந்தும் அவன் பாவம் மன்னிக்கப்படுகிறது. நோயுற்ற வீட்டார் ஆயரிடம் வந்து, திருமறையில் கூறப்பட்ட எண்ணெய் என்று எண்ணி, மருத்துவத்திற்கென வைத்திருந்த பணத்தைக் குப்பிக்குச் செலவிடலாமா என வினவும்பொழுது, அவர்களை மருத்துவரிடம் அனுப்புவதும், அவர்களோடு அமர்ந்து ஜெபிப்பதும் நம் பணி. தூபவர்க்கமற்ற அந்த ஏழையின் பலியை ஏற்றுக்கொண்ட கர்த்தர், அந்த ஜெபத்தையும் ஏற்றுக்கொள்வார்.