பணம் முழுசு... வேகம் எங்கே? இன்டர்நெட் கம்பெனிகளை ஜனங்களே அளந்து பார்த்தார்கள்!

பாலில் தண்ணீர் கலந்தால் நாக்கு சொல்லிவிடும். எடைக்கல்லில் கோளாறு என்றால் முத்திரை அதிகாரி பிடித்துவிடுவார்.

இன்டர்நெட் வேகம் குறைந்தால்?

"எங்க லைன் சரியாத்தான் இருக்கு, உங்க கம்ப்யூட்டரைப் பாருங்க" என்று கம்பெனிக்காரர் கையை விரித்தால், மறுத்துப் பேச சந்தாதாரரிடம் என்ன ஆதாரம் உண்டு?

அமெரிக்காவில் 2007-ம் ஆண்டு ஒரு ரகசியம் அம்பலமானது. 'பிட்டோரன்ட்' முறையில் ஃபைல் அனுப்பியவர்களுக்கு, காம்காஸ்ட் என்ற பெரிய கம்பெனி நைசாக முட்டுக்கட்டை போட்டு வந்தது. இதை முதலில் கண்டுபிடித்தது அரசாங்கம் அல்ல. சந்தேகப்பட்ட ஒரு சந்தாதாரர்!

பொதுத் தராசு

"இதற்கு ஒரு பொதுத் தராசு வேண்டும்" என்ற எண்ணம் வலுத்தது. 2009 ஜனவரியில் 'மெஷர்மென்ட் லேப்' பிறந்தது. சுருக்கமாக 'எம்-லேப்'. ஆராய்ச்சியாளர்கள், நியூ அமெரிக்கா அமைப்பு, பிளானட்லேப், கூகுள் ஆகியோர் கைகோர்த்தனர்.

அளப்பது சுலபம். பட்டனை அமுக்கினால் போதும். வரும் வேகத்துக்குப் பத்து விநாடி. போகும் வேகத்துக்குப் பத்து விநாடி.

ஆனால் சூட்சுமம் வேறு இடத்தில் இருக்கிறது. அளக்கும் சர்வர், கம்பெனியின் சொந்த எல்லைக்குள் இருக்காது. பல கம்பெனிகளின் லைன்கள் சந்திக்கும் ஜங்ஷனில் இருக்கும். ஊருக்குள் ரோடு அகலமாக இருந்து என்ன பயன்? ஊர் எல்லையில் பாலம் குறுகலாக இருந்தால் லாரி நகராதே!

கிடைத்த கணக்கை எம்-லேப் பூட்டி வைப்பதில்லை. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து ஆராயலாம். சோதித்தவரின் ஐ.பி. முகவரியும் அதில் வெளியாகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

குட்டு உடைந்தது

2014 அக்டோபரில் எம்-லேப் ஓர் அறிக்கை வெளியிட்டது. நியூயார்க்கில் காம்காஸ்ட், டைம் வார்னர் கேபிள், வெரைசன் சந்தாதாரர்களுக்கு, கோஜென்ட் என்ற கம்பெனி வழியாக வந்த தகவல் மாதக்கணக்கில் திணறியிருந்தது. கூட்டம் அதிகமான நேரத்தில் நிலைமை ரொம்ப மோசம்.

அதே கோஜென்ட் வழியாக கேபிள்விஷன் சந்தாதாரர்களுக்கு வந்தது திணறவில்லை!

ஆக, கோளாறு வயரில் இல்லை. கம்பெனிக்கும் கம்பெனிக்கும் உள்ள வியாபார உறவில்தான் என்றது அறிக்கை. இரண்டு யானைகள் மோதிக்கொண்டன. நசுங்கியது மாதா மாதம் பில் கட்டியவர்!

கோர்ட்டில் வழக்கு

2015 டிசம்பரில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல், "உங்கள் வேகத்தை நீங்களே அளந்து அனுப்புங்கள்" என்று ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பயன்பட்டது எம்-லேப்பில் ஓடும் சோதனைதான்.

சொன்ன வேகத்தைக் கொடுக்கவில்லை என்று, டைம் வார்னர் கேபிளை வாங்கியிருந்த சார்ட்டர் கம்பெனி மீது 2017 பிப்ரவரியில் வழக்கு பாய்ந்தது. 2018 டிசம்பரில் சமரசம். மொத்தம் 17 கோடியே 42 லட்சம் டாலர்! அதில் 6 கோடியே 25 லட்சம் டாலர், சுமார் 7 லட்சம் சந்தாதாரர்களுக்கு ரொக்கமாகத் திரும்பியது.

ஒரே ஒரு தடவை அளந்துவிட்டுச் சண்டைக்குப் போய்விடக் கூடாது. வீட்டு வைஃபையும் காலை வாரும். கம்ப்யூட்டரை வயரில் இணைத்து, காலை, மாலை, இரவு என்று பல நாள் அளந்து, தேதியும் நேரமும் போட்டு எழுதி வைக்க வேண்டும்.

அப்புறம் "உங்க கம்ப்யூட்டரைப் பாருங்க" என்று சொல்பவரிடம் அந்தக் காகிதத்தை நீட்டலாம்!