கரிசல் நாட்டுத் தொழில்கள்

விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி வட்டத்தில் அமைந்த ஊர் பரளச்சி. அருப்புக்கோட்டைப் பக்கத்து மற்ற ஊர்களைப் போலவே இதுவும் வானம் பார்த்த பூமியாகும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே இங்குள்ள உழவர்க்குத் துணை. அம்மழை பொய்த்தால் பருத்தியும் குதிரைவாலியும் கருகிவிடும். ஆதலின், ஒரு தொழிலையே நம்பி வாழ்தல் இந்நாட்டில் அரிது. தோட்டப் பயிர், ஆடு வளர்ப்பு, கட்டட வேலை, கரி சுடுதல் ஆகியவற்றைக் காலத்திற்கேற்ப மாற்றிச் செய்தே பலரும் ஆண்டினைக் கடத்துகின்றனர்.

கிணற்றில் நீருள்ளவர் மிளகாய், வெங்காயம், கத்தரி முதலியவற்றைப் பயிரிடுவர். அறுவடை முடிந்த புன்செய்களில் இரவுதோறும் ஆட்டுக்கிடை அமர்த்தப்படும். ஆட்டுப் புழுக்கை நிலத்திற்கு உரமாகும். கிடைக்காரர்க்குத் தவசமோ பணமோ கூலியாகக் கிடைக்கும். உழவு ஓய்ந்த கோடையில் சிலர் கொத்தனாராகவும் சித்தாளாகவும் வெளியூர் செல்வர்.

மழை பொய்த்த காலத்தும் கைகொடுப்பது சீமைக் கருவேல மரம். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இம்மரம், 1877 ஆம் ஆண்டளவில் விறகின் பொருட்டுச் சென்னை மாகாணத்திற்குக் கொண்டுவரப்பட்டது. இதன் விறகிலிருந்து கரி எடுக்கும் முறை வருமாறு: வெட்டிய துண்டுகளை நெருக்கி அடுக்குவர், அவற்றின்மீது வைக்கோலும் தழையும் பரப்பி, ஈரமண்ணால் மூடி நெருப்பிடுவர். இதற்கு மூட்டம் என்று பெயர். காற்று மிகுதியாகப் புகுந்தால் விறகு சாம்பலாகிவிடும். சிறிதும் புகாவிடில் நெருப்பு அணைந்துவிடும். ஆதலின், இரவும் பகலும் காவலிருந்து, விரிசல் கண்ட இடத்தில் உடனே மண்ணிட்டு அடைப்பர். முதலில் தடித்தெழும் வெண்புகை மெலிந்து நீலநிறம் கொள்ளும்போது கரி பதமாயிற்று என்று அறிவர். இவ்வளவு உழைத்தும் கிடைக்கும் கரி, விறகின் எடையில் நாலில் அல்லது ஐந்தில் ஒரு பங்கேயாகும். கொல்லுலைக்கும் துணி தேய்க்கும் கடைக்கும் அது பயன்படுகிறது.

எனினும், இம்மரத்தால் தீமையும் உண்டு. ஆடுகள் இதன் இனிய நெற்றுகளைத் தின்கின்றன. விதைகளோ செரியாமல் புழுக்கையோடு வெளிப்பட்டுப் புதிய இடங்களில் முளைக்கின்றன. வெட்டிய அடிக்கட்டையும் மீண்டும் தளிர்க்கிறது. இவ்வாறு கண்மாய்களையும் தரிசுகளையும் இம்மரம் கவர்ந்துகொண்டது. 2017 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற ஆணையிட்டது. அவ்வாண்டே அப்பணி நிறுத்திவைக்கப்பட்டது.

மரத்தை வேரோடு களைந்தால் கண்மாய் மீளும். ஆனால், மூட்டத்தை நம்பிய குடும்பங்கள் என் செய்யும்? நீர்நிலைகளில் உள்ளவற்றை முதலில் களைந்து, அவ்விறகைக் கரியாக்கி, மீண்ட நிலத்தில் பயிரும் பயன்மரமும் வளர்ப்பதே தக்க வழி. ஒரு தொழிலை நிறுத்துமுன் மற்றொன்றைத் தேடிக்கொள்ளல் வேண்டும். பல தொழில் பழகிய கரிசல் மக்களுக்கு இவ்வுண்மை புதிதன்று.