வாய்க்கால் கரையை ஒட்டி ஒரு குவாரி

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலையில் உருகும் பனிதான் அடிவாரத்து வயல்களுக்குத் தண்ணீர். அதைக் கொண்டுவரும் மண் வாய்க்கால்களைப் பாசனக்காரர்களே கம்பெனி வைத்து நடத்துகிறார்கள். கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைக்க வேண்டாம். வைத்திருக்கும் பங்குக்கு ஏற்பத் தண்ணீர். மதகைத் திறந்து மூட, நம் ஊர் நீர்க்கட்டி மாதிரி ஓர் ஆள்.

ஆற்றோரத்தில் தண்ணீர் மட்டுமா இருக்கிறது? கான்கிரீட்டுக்கு வேண்டிய சரளையும் அங்கேதான் கிடைக்கிறது. ஆகவே குவாரி விரிவடையும்போது முதலில் இடிபடுவது வாய்க்கால் கரை.

மண் வாய்க்காலில் கசிவு எப்போதும் உண்டு. பக்கத்திலேயே ஆழமாகத் தோண்டி, ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைத்தால் கசிவு கூடும். கரையில் முதலில் மயிரிழை வெடிப்பு, பிறகு ஈரச் சரிவு, ஒருநாள் உடைப்பு. உடையாவிட்டாலும் கடைமடைக்காரர் பாடு திண்டாட்டம்தான். குழிக்குள் நீர் புகாமல் களிமண் கலவைச் சுவர் எழுப்புவதும் உண்டு; அது நிலத்தடி நீரின் வழியை மறிப்பதால் மேற்புறம் நீர் தேங்கலாம், கீழ்ப்புறக் கிணறு வற்றலாம்.

சட்டம் வாய்க்காலைக் கைவிடவில்லை. குவாரி வேலைக்கு உட்படும் நிலத்துக்கு 200 அடிக்குள் உள்ள நிலையான கட்டுமானங்களில் வாய்க்காலும் சேர்த்தி. அதன் உறுதி கெடும் நிலை இருந்தால், சேதத்துக்கு ஈடு தருவதாக குவாரிக்காரர் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். அது கூடிவராவிட்டால், பாதிப்பு வராது என்று பொறியாளரின் ஆய்வைக் காட்ட வேண்டும். ‘நிலம் என்னுடையது, வாய்க்காலைத் தள்ளி வெட்டிக்கொள்கிறேன்’ என்ற பேச்சும் எடுபடாது. ரோரிங் ஃபோர்க் கிளப் வழக்கில் 2001இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: வாய்க்கால் உரிமையாளரின் சம்மதமோ நீதிமன்றத்தின் முன் அனுமதியோ இல்லாமல் நிலத்துக்காரர் அதில் கைவைக்கக் கூடாது. சரளை தோண்டும்போது வெளிப்படும் நிலத்தடி நீரும் கிணற்றுக் கணக்கில்தான் வரும் என்று 1988இல் இன்னொரு தீர்ப்பு. அதற்கு அனுமதி வேண்டும். குழியிலிருந்து ஆவியாகிப் போகும் நீருக்கும் பதில் நீர் காட்ட வேண்டும்.

இத்தனை இருந்தும் குவாரிக்கு எதிரான பல ஆட்சேபங்கள் தோற்பது, தவறான மேசையில் வைப்பதால்தான். லாரி, புழுதி, இரைச்சல், வீட்டு மனை விலை இவையெல்லாம் கவுன்ட்டி எனப்படும் உள்ளூர் நிர்வாகத்திடம் பேச வேண்டியவை. மாநிலச் சுரங்கச் சீரமைப்பு வாரியம் கேட்பது கரையின் உறுதி, நிலத்தடி நீரின் போக்கு, தோண்டிய நிலத்தைச் சீராக்கும் திட்டம், அதற்கான வைப்புத் தொகை. நீர் உரிமையில் இழப்பு என்றால் அதற்கென்றே தனி நீர் நீதிமன்றம்; 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலம் முழுக்க 7 பிரிவுகள்.

பெரிய குவாரி விரிவாக்கத்துக்கு உள்ளூர்ப் பத்திரிகையில் வாரம் ஒன்றாக நான்கு வாரம் விளம்பரம் வரும். கடைசி விளம்பரத்துக்குப் பிறகு இருப்பது குறுகிய கெடு. அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தவருக்குத்தான் விசாரணையில் தரப்பாக நிற்க இடம். வாரியத்தின் முடிவு ஒப்பவில்லை என்றால் மாவட்ட நீதிமன்றம் போகலாம்.

வக்கீலைத் தேடும் முன் செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது, பெரும்பாலோர் அதைத்தான் விடுகிறார்கள். குழி விரிவதற்கு முந்தைய பருவத்திலேயே தலைமடையிலும் கடைமடையிலும் நீரோட்டத்தை அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். கரையைப் படம் பிடியுங்கள், பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல், ‘வாய்க்கால் முன்பே ஒழுகிக்கொண்டுதான் இருந்தது’ என்று எதிர்த்தரப்பு சொன்னால் நம்மிடம் பதில் இருக்காது.